விஸ்துலாவின் இரு கரையிலும் ஒரே பெயர்

போலந்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடப் புறப்படுகிறவர் கையில் முதலில் இருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் நோவாக் என்றோ கோவால்ஸ்கி என்றோ விஷ்நெவ்ஸ்கி என்றோ இருந்துவிட்டால் அது எந்தத் திசையையும் காட்டாது. நோவாக் என்ற பெயரை மட்டும் இன்றைக்குப் போலந்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தாங்கியிருக்கிறார்கள். நாட்டின் எந்த மூலையிலும் அவர்கள் உண்டு. ஆனால் நாடு முழுவதையும் சேர்த்து எண்ணினாலும் சில நூறு பேருக்கு மேல் இல்லாத பெயர் வாய்த்தவரின் நிலைமை வேறு. அப்படிப்பட்ட பெயர் ஒரு வட்டாரத்தை, சில சமயம் ஒரே ஒரு பங்குக் கோயிலை, அதாவது சில ஊர்களின் கத்தோலிக்கருக்கு உரிய கோயிலை, நேராகக் கொண்டுபோய்க் காட்டிவிடும். என் கணவரின் குடும்பத்துக்கு வாய்த்திருப்பது அந்த வகைப் பெயர்.

அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை. அரிதான பெயர் என்பது, அதைத் தாங்கி இன்று வாழ்கிறவர்களின் முகவரியைத் தருவதற்குச் சமம். அதை இங்கே எழுதிவிட்டால், மரபணுப் பரிசோதனைக்காகக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரி எடுத்துக் கொடுத்த முதியவர்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பிடித்துவிடலாம். அவர்கள் ஒப்புதல் கொடுத்தது குடும்ப வரலாற்றைத் தேடுவதற்குத்தான், தங்கள் உடலில் உள்ள செய்தி ஊரறியப் பரவுவதற்கு அல்ல. பெயரைச் சொல்லாமலே சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான். ஒரே பெயர் பத்துத் தலைமுறைகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்ற எண்ணமே எனக்குப் புதியதாக இருந்தது. திருமணத்துக்குப் பிறகு அந்தத் தேடலில் நான் இறங்கியதற்கு அந்த வியப்பும் ஒரு காரணம், என் பிள்ளைகளின் வேரில் பாதி அங்கே இருப்பது இன்னொரு காரணம்.

போலந்தில் குடும்பப் பெயர் எல்லாருக்கும் ஒரே காலத்தில் வந்துவிடவில்லை. ஷ்லாக்தா எனப்படும் நிலக்கிழார் வகுப்பினர், தங்கள் ஊரின் பெயரோடு ‘ஸ்கி’ என்ற ஈற்றைச் சேர்த்து மிக முன்பே நிலையான பெயர் வைத்துக்கொண்டார்கள். மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயரான ஸ்குவோதோவ்ஸ்கா, மசோவியப் பகுதியில் உள்ள ஸ்குவோதி என்ற ஊரிலிருந்து வந்தது. வகுப்பால் கிழார்கள் என்றாலும் சொந்தக் கையால் ஏர் பிடித்து உழுத சிறு குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது. கோப்பர்நிக்கஸின் குடும்பப் பெயரையும் சைலீசியாவில் நீசா நகருக்கு அருகே உள்ள கோப்பெர்னிகி என்ற ஊரோடு இணைத்துச் சொல்வார்கள். உழவர்களின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டிலும்கூட அவர்களின் பெயர் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது; பங்குக் கோயில் ஏட்டின் ஒரு பதிவில் தகப்பனின் பெயரால் அழைக்கப்பட்டவர் அடுத்த பதிவில் தொழிலாலோ பட்டப்பெயராலோ அழைக்கப்படுவார், இரண்டையும் விட மனமில்லாத பங்குத்தந்தை நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘வெல்’ என்ற இலத்தீன் சொல்லைப் போட்டு இரண்டு பெயரையும் எழுதி வைப்பார். யூதர்களுக்கு அரசாணையே பெயரைக் கொடுத்தது. போலந்தை அண்டை அரசுகள் மூன்றும் பிரித்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரியா பிடித்த பகுதியில் 1787இலும், பிரஷ்யா பிடித்த பகுதியில் 1797இலும், ரஷ்யப் பேரரசரின் கீழிருந்த போலந்து இராச்சியத்தில் 1821இலும் அந்த ஆணைகள் வந்தன. ஆகவே ஒரு யூதக் குடும்பத்தின் பெயர் எவ்வளவு அரிதானதாக இருந்தாலும், அந்த ஆண்டுகளுக்கு முந்திய ஏடுகளில் அதைத் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

அரிதான பெயரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. கொல்லனைக் குறிக்கும் சொல்லிலிருந்து கோவால்ஸ்கி என்ற பெயர் ஆயிரம் ஊர்களில் தனித்தனியாக முளைத்திருக்க முடியும். ஒரு வட்டாரத்தில் ஒருவருக்கு மட்டும் ஒட்டிக்கொண்ட வினோதமான பட்டப்பெயர் ஓரிடத்தில்தான் முளைத்திருக்கும். அதைத் தாங்கியவர்கள் எல்லாரும் ஓர் ஆணின் வழித்தோன்றல்கள் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பது வேறு, நிறுவுவது வேறு.

முதலில், பெயர் உண்மையிலேயே அரிதானதுதானா என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் ஒரே குடும்பத்துக்கு மட்டும் இருக்கும் போலிஷ் பெயர்களில் பல, எழுத்துக்கூட்டல் மாறியதால் மட்டுமே அரிதாகிப் போனவை. போலிஷ் மொழியின் மூக்கொலி உயிரெழுத்துகளையும், குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ எழுத்தையும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தங்கள் காதுக்குப் பட்டபடி எழுதினார்கள். 1854இல் டெக்சாஸில் பன்னா மரியா என்ற ஊரை நிறுவி, சைலீசியாவின் புவுஷ்னித்சா வியெல்கா வட்டாரத்து மக்களை அங்கே குடியேற அழைத்த பங்குத்தந்தை லியோபோல்ட் மோச்சிகெம்பாவின் பெயர், மூக்கொலி எழுத்துக்குப் பதிலாக ‘எம்’ எழுதப்பட்ட வடிவத்திலேயே அந்த மாநிலத்தில் நிலைத்துவிட்டது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் அவர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது. என் கணவர் வீட்டிலும் சொன்னார்கள். அங்கிருந்த எழுத்தர்கள் புதிதாகப் பெயர் எழுதுவதே இல்லை, புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது பிறகு, பள்ளிக்கூடத்திலும் ஆலையின் சம்பளப் பட்டியலிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1907ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஹாம்பர்க்கில் கப்பலேறி நியூயார்க் வந்து இறங்கி, பஃபலோ நகருக்கு அடுத்த லாக்கவானாவில் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆண்டையும் துறைமுகத்தையும் நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஹாம்பர்க்கின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரேமனில் ஏறியவர்களின் பட்டியல்களோ மிகப் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மேலும், 1907இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கப்பல் பட்டியல் இரண்டு பக்கமாக விரிந்தது. சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் அதில் ஒரு பத்தியாகச் சேர்ந்தன. எங்கள் பட்டியலில் நாடு ‘ஆஸ்திரியா’ என்றும் இனம் ‘போலிஷ்’ என்றும் இருந்தன, உறவினர் பத்தியில் தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தன. ஊரின் பெயரை ஜெர்மானிய எழுத்தர் தன் செவிக்கு ஏற்றபடி எழுதியிருந்தார்.

அந்த ஊர் எது என்று உறுதி செய்ய உதவியது குடும்பப் பெயர்தான். காசிமியெஷ் ரிமுத் என்ற மொழியியலாளர் 1992 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட போலிஷ் குடும்பப் பெயர் அகராதி, நாட்டின் குடிமக்கள் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு பெயரையும் எந்த மாநிலத்தில் எத்தனை பேர் தாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கையாகவே தருகிறது. 1999க்கு முன் போலந்தில் 49 சிறு மாநிலங்கள் இருந்தன. இன்று இருக்கும் 16 பெரிய மாநிலங்களைக் காட்டிலும் அந்தப் பழைய பிரிவுதான் தேடுகிறவர்களுக்கு நுட்பமான வலை. எங்கள் பெயர் டார்னோவ் மாநிலத்தில் திரளாகவும், அதை ஒட்டிய கீல்ட்சே மாநிலத்தில் ஓரளவும் இருந்தது. வெகுதொலைவில் மேற்கே விராட்ஸ்வாஃப், லெக்னித்சா பக்கம் சிதறலாகவும் இருந்தது. மேற்கில் தெரியும் சிதறலை வேராக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1945இல் எல்லைகள் மேற்கு நோக்கி நகர்ந்தபோது ஜெர்மானியர் வெளியேறிய நிலங்களில் கிழக்கிலிருந்தும் நடுப்போலந்திலிருந்தும் லட்சக்கணக்கான குடும்பங்கள் குடியமர்ந்தன. இன்றைய பெயர் வரைபடத்தைப் பார்க்கிறவர் இந்தப் புலம்பெயர்வை மனத்தில் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். பெயர் திரண்டிருந்த இடத்தையும், 1880க்கும் 1902க்கும் இடையில் வெளிவந்த பதினைந்து தொகுதிப் புவியியல் அகராதியையும் சேர்த்துப் பார்த்தபோது, கப்பல் பட்டியலில் இருந்த ஊர் தெளிவாகிவிட்டது. அந்த அகராதி ஒரு சிற்றூர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடும், தேடுகிறவருக்கு ஊரை விடப் பங்கே முக்கியம். எங்கள் ஊர் டொம்ப்ரோவா டார்னோவ்ஸ்கா வட்டாரத்தில், விஸ்துலா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது.

தென்கரை என்றால் கலீசியா, அதாவது 1772இல் நடந்த முதல் பிரிவினையில் ஆஸ்திரியா எடுத்துக்கொண்ட நிலம். அங்கே 1784 முதல் இரண்டாம் யோசேப் பேரரசரின் ஆணைப்படி திருமுழுக்கு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஊர் வாரியாகத் தனித்தனி ஏடுகள், எல்லாம் இலத்தீனில், எல்லாம் கட்டம் போட்ட பத்திகளில். கொள்ளுத்தாத்தாவின் திருமுழுக்குப் பதிவை விவரமாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த ஏடுகளின் அருமை அப்போதுதான் விளங்கும். முதல் பத்தியில் பிறந்த நாளும் திருமுழுக்கு நாளும். அடுத்ததில் வீட்டு எண், 47. பிறகு குழந்தையின் பெயர். கத்தோலிக்கர் என்பதற்கும் ஆண் என்பதற்கும் முறையான மணத்தில் பிறந்தவர் என்பதற்கும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு செங்குத்துக் கோடு. பெற்றோர் பத்தியில் தந்தையின் பெயர், அவருடைய பெற்றோரின் பெயர். தாயின் பெயர், அவள் பெற்றோரின் பெயர், அவள் பிறந்த குடும்பத்தின் பெயர். ஞானப்பெற்றோர் இருவரின் பெயரும் அவர்கள் நிலம் வைத்திருந்த உழவர்களா, கூலிக் குடித்தனக்காரர்களா என்பதும். கடைசியில், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர். ஒரே வரியில் மூன்று தலைமுறை. ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், பிற்காலத்து மை கொண்டு ஒரு குறிப்பு: 1911இல் பஃபலோ நகரின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோயிலில் இன்னாரை மணந்தார். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தெரிவிக்கப்பட்டு அங்கே குறிக்கப்பட வேண்டும். லாக்கவானாவில் எஃகு உருக்கியவரும் 47ஆம் எண் வீட்டில் பிறந்த குழந்தையும் ஒருவரே என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

வீட்டு எண் என்ற அந்தச் சின்னஞ்சிறு கட்டம்தான் கலீசிய ஏடுகளில் பிடித்து நடக்க வேண்டிய கயிறு. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று யான்கள், ஐந்து மரியன்னாக்கள் இருப்பார்கள். எண்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போனால் அந்த வீட்டில் பிறந்தவர், மணந்து வந்தவர், இறந்தவர் எல்லாரும் வரிசையாக வருவார்கள். 1847, 1848ஆம் ஆண்டுகளின் இறப்பு ஏட்டில் மட்டும் என்னால் வேகமாகப் போக முடியவில்லை. பஞ்சமும் அதைத் தொடர்ந்த டைஃபஸ் காய்ச்சலும் கலீசியாவைச் சூறையாடிய ஆண்டுகள் அவை. மற்ற ஆண்டுகளில் சில பக்கங்களில் முடியும் ஏடு அப்போது தடித்துவிடுகிறது. அதே வீட்டு எண் ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, காரணப் பத்தியில் பங்குத்தந்தை முதல் வரியில் எழுதியதைக் கீழே எல்லா வரிகளுக்கும் ஒப்புக்குறி போட்டுக் கொண்டுபோகிறார். எங்கள் குடும்பத்தில் தப்பியது ஒரு கிளை.

இனி ஆற்றின் மறுகரைக்கு வருகிறேன். ரிமுத்தின் அகராதி கீல்ட்சே மாநிலத்தில் ஓரளவு காட்டியதே, அந்தக் குடும்பங்கள் எல்லாம் விஸ்துலாவின் வடகரையில், எங்கள் ஊருக்கு ஏறத்தாழ எதிரே இருந்தன. ஆனால் ஆற்றைக் கடந்தால் ஆவண உலகமே மாறிவிடுகிறது. 1815க்குப் பிறகு வடகரை ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்து இராச்சியம். அங்கே நெப்போலியன் காலத்தில் வந்த குடிமைப் பதிவு முறை தொடர்ந்தது. கட்டங்கள் கிடையாது, ஒவ்வொரு பதிவும் ஒரு பத்தி உரைநடை. இன்ன ஊரில், இன்ன ஆண்டு, இன்ன நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, முப்பத்திரண்டு வயதுள்ள இன்ன உழவர், நாற்பது வயதுள்ள இன்னார் இன்னார் என்ற இரு சாட்சிகளோடு நேரில் வந்து, ஓர் ஆண் குழந்தையை எமக்குக் காட்டினார் என்று தொடங்கும். படித்துக் காட்டப்பட்ட பின், வந்தவர்களுக்கு எழுதத் தெரியாததால் யாம் மட்டும் கையொப்பமிட்டோம் என்று முடியும். 1868 வரை இது போலிஷ் மொழியில். பிறகு முதல் உலகப் போர்க்காலம் வரை ரஷ்ய மொழியில், சிரில் எழுத்தில், ரஷ்ய நாட்காட்டிக்கும் மேற்கு நாட்காட்டிக்கும் இடையே இருந்த வேறுபாட்டை (1900 வரை பன்னிரண்டு நாள், பிறகு பதின்மூன்று நாள்) காட்டும் இரட்டைத் தேதிகளோடு. நல்ல வேளையாகப் பங்குத்தந்தையர் பலர் சிரில் எழுத்தில் எழுதிய பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போலிஷ் எழுத்திலும் எழுதினார்கள். அதனால்தான் அங்கே இருப்பது எங்கள் பெயர்தான் என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. போலந்து மரபுவழி ஆய்வுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் தொகுக்கும் கெனெதேகா என்ற பெயர்க்குறிப்பேடு இல்லாமல் இந்தத் தேடல் நடந்திருக்காது. மாலை நேரங்களில், ஊதியமில்லாமல், ஏடு ஏடாக அவர்கள் படித்துப் பதிவு செய்த பெயர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

ஆற்றின் இரு கரையிலும் ஒரே அரிய பெயர். ஒரே குடும்பமா? தென்கரையின் தொடர்ச்சி 1784 வரைக்கும் போகிறது, வடகரையின் தொடர்ச்சியும் ஏறத்தாழ அதே காலத்தைத் தொடுகிறது. இரண்டு கரைகளுக்கும் இடையே ஒரு திருமணமோ, ஞானப்பெற்றோர் உறவோ அந்தக் காலத்துக்குள் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. ஏடுகள் பேசாத இடத்தில்தான் மரபணுவைக் கேட்க வேண்டும், ஆனால் எந்த மரபணுவைக் கேட்பது என்பதில் கவனம் தேவை.

பலரும் செய்துகொள்வது, தாய் வழி தந்தை வழி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொதுப் பரிசோதனை. ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்ற நிறுவனங்கள் விற்பது அதுதான். அருகிலுள்ள உறவுகளுக்கு அது மிக நல்லது. ஆனால் ஒரு முன்னோரிடமிருந்து வரும் மரபணுவின் அளவு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைந்துகொண்டே போவதால், கொள்ளுத்தாத்தாவின் பெற்றோரைப் பொதுவாகக் கொண்ட இருவர் சராசரியாக எழுபது சென்டிமார்கன் (மரபணுத் துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு) அளவே பகிர்ந்துகொள்வார்கள். அத்தகையவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குப் பொதுப் பகுதி எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு தலைமுறை தள்ளிப் போனால் பாதிப் பேருக்குத் தெரியாது. எட்டுத் தலைமுறைக்கு முன் பிரிந்த இரு கிளைகளை இதைக் கொண்டு இணைக்க நினைப்பது வீண். போலந்து மக்களிடம் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பீட்டர் ரால்ஃப், கிரகாம் கூப் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு ஐரோப்பிய மக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் துண்டுகள் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளைவிட அதிகம் என்று காட்டியது. முதல் ஆயிரமாண்டில் சிறிய மக்கள்தொகை ஒன்று பெருகி ஸ்லாவிய மொழிகளோடு பரந்த நிலப்பரப்பில் பரவியதோடு அதைப் பொருத்திப் பார்த்தார்கள். ஆகவே பஃபலோக்காரர் ஒருவருக்குச் சின்னஞ்சிறு பொருத்தத்தோடு ‘தூரத்து உறவினர்’ என்று நூற்றுக்கணக்கில் பட்டியல் வரும். அவர்களில் பலரோடு உள்ள உறவு எந்தப் பங்கு ஏட்டுக்கும் எட்டாத காலத்தது. ‘கிழக்கு ஐரோப்பா 92 விழுக்காடு’ என்பது போன்ற வண்ண வரைபடங்களைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. விஸ்துலாவின் இரு கரைகளை அவற்றால் பிரித்துக் காட்டவே முடியாது.

எங்கள் கேள்விக்கு ஏற்றது ஒய்-குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும், கிட்டத்தட்ட மாறாமல், குடும்பப் பெயர் போகும் அதே வழியில் போகிறது. பஃபலோவில் இருக்கும் என் கணவரின் பெரியப்பா ஒப்புக்கொண்டார். வடகரையில், அந்தப் பெயரைத் தாங்கிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். தன் கிளையை 1820கள் வரை அவரே தேடி வைத்திருந்தவர் அவர், கேட்பதற்காகவே காத்திருந்தது போல உடனே சம்மதித்தார். முதலில் 37 இடங்களைப் பார்க்கும் பரிசோதனை. இருவருக்கும் 35 இடங்கள் பொருந்தின. இருவரும் ஆர்1ஏ என்ற ஆண்வழிப் பெருங்கிளையினர் என்பதில் வியப்பில்லை, போலந்து ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கிளைதான். அதற்குள் எம்458, அதற்கும் உள்ளே மேற்கு ஸ்லாவியரிடம் மிகுதியாகக் காணப்படும் எல்260 என்று வந்தபோதும் லட்சக்கணக்கானோருக்குப் பொதுவான அடையாளங்களாகவே அவை இருந்தன. முடிவைத் தந்தது அடுத்த கட்டமான பிக் ஒய்-700 பரிசோதனை. அது ஒய்-குரோமோசோமின் பெரும்பகுதியைப் படித்து, தலைமுறைகளின் போக்கில் ஏற்பட்ட தனித்தனி மாற்றங்களை எண்ணுகிறது. பெரியப்பாவும் ஆசிரியரும், அதுவரை பரிசோதித்துக்கொண்ட வேறு யாரிடமும் இல்லாத மாற்றங்கள் சிலவற்றைப் பொதுவாகக் கொண்டிருந்தார்கள். பிரிந்த பிறகு ஒருவர் கிளையில் இரண்டும் மற்றவர் கிளையில் மூன்றுமாக மாற்றங்கள் சேர்ந்திருந்தன.

சராசரியாக 83 ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்று கொண்டால், பொது மூதாதை 1730களை ஒட்டி வாழ்ந்தவர் என்று கணக்கு வருகிறது. ஆனால் இது கடிகாரம் காட்டும் நேரம் அல்ல. இருபுறமும் நூறாண்டுக்கு மேல் நகரக்கூடிய மதிப்பீடு. அதன் ஒரு பக்கத்தை அடைப்பது ஏடுகள்தான். 1784இல் இரு கரையிலும் குடும்பங்கள் தனித்தனியாக இருந்திருக்கின்றன, ஆகவே பிரிந்தது அதற்கு முன்பு. பெயர், ஏடு, மரபணு மூன்றில் எதுவும் தனியாக இந்த முடிவைத் தந்திருக்காது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரபணுப் பரிசோதனையை மட்டும் வாங்கிவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒப்பிடுவதற்கு மறுபக்கத்தில் ஒரு மனிதர் இல்லாத வரை அது எதையும் சொல்லாது. கோப்பர்நிக்கஸின் எலும்புகளுக்கே அதுதான் நிலைமை. 2005இல் ஃப்ரோம்போர்க் பேராலயத்தின் தரைக்கு அடியில் ஏறத்தாழ எழுபது வயதான ஓர் ஆணின் மண்டையோடு கிடைத்தது. ஒப்பிட வழித்தோன்றல் யாரும் இல்லை. அவர் பல ஆண்டுகள் பயன்படுத்திய, போரில் சுவீடனுக்கு எடுத்துச் செல்லப்பட்ட 1518ஆம் ஆண்டு வானியல் நாட்காட்டி நூல் ஒன்று உப்சாலாவில் இருந்தது. அதன் பக்கங்களுக்குள் கிடந்த முடிகளில் இரண்டின் தாய்வழி மரபணு, மண்டையோட்டின் பல்லோடு பொருந்தியது. 2009இல் அந்த முடிவு வெளியாகி, 2010 மே மாதம் அவர் மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்.

பொதுப் பரிசோதனையை நான் குறைத்துப் பேசியதாக எண்ண வேண்டாம். என் மாமியாரின் தாய்வழியில் அதுதான் கைகொடுத்தது. அவர்களின் பெயர் போலந்தின் மிகச் சாதாரணமான பெயர்களில் ஒன்று. ஊர் தெரியாது, குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. வார்சாவில் வாழும் ஒரு பெண்மணியோடு வந்த 140 சென்டிமார்கன் பொருத்தமும், அவரிடம் இருந்த நான்கு தலைமுறைக் குடும்ப மரமும் சேர்ந்து, மசோவியாவில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் காட்டின. பெயர் உதவாத இடத்தில் இரத்தம் உதவியது என்றால், பெயர் உதவிய இடத்தில் அந்தப் பொதுப் பரிசோதனையால் எதுவும் செய்ய முடியவில்லை. எந்தக் கருவி எந்தக் கேள்விக்கு என்று பிரித்தறிவதில்தான் பாதி வேலை.

இதில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கலீசிய ஏட்டின் ‘முறையான மணம்’ கட்டத்தில் கோடு இல்லாத குழந்தைகள் ஏராளம். தந்தைப் பத்தி வெறுமையாக இருக்கும், குழந்தை தாயின் குடும்பப் பெயரைத் தாங்கும். அப்படி ஒரு முன்னோர் இருந்தால் பெயர் ஒரு வழியிலும் ஒய்-குரோமோசோம் வேறு வழியிலும் போயிருக்கும். எங்கள் வடகரை உறவினர்களில் இன்னொரு கிளை இருக்கிறது, அதில் ஒருவரின் முடிவு முற்றிலும் வேறு கிளையாக வந்தது. ஏட்டில் தேடியபோது 1850களில் அத்தகைய பதிவு ஒன்று இருந்தது. நானும் ஆசிரியரும் இந்தச் செய்தியை அவருக்கு மட்டும் தனியாகச் சொன்னோம், என்ன செய்வது என்பதை அவரிடமே விட்டோம். மாதிரி எடுப்பதற்கு முன்பே இப்படியும் வரலாம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்ததால் அது ஒரு காயமாக மாறவில்லை. உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் போலந்துச் சட்டமே நல்ல வரம்பு வகுத்திருக்கிறது: பிறப்புப் பதிவுகள் நூறு ஆண்டுகளும், திருமண, இறப்புப் பதிவுகள் எண்பது ஆண்டுகளும் குடிமைப் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும், அதன் பிறகே அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். மரபணு நிறுவனங்களிடம் அத்தகைய காலவரம்பு இல்லை. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டே நான் யாரிடமும் மாதிரி கேட்கிறேன்.

ஆனாலும் போலந்தில் இந்தப் பரிசோதனைக்கு வெறும் ஆர்வத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பொருள் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2012இல் ஷெட்சின் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகமும் தேசிய நினைவு நிறுவனமும் சேர்ந்து, சர்வாதிகார ஆட்சிகளில் கொல்லப்பட்டுப் பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்கான மரபணுத் தளம் ஒன்றைத் தொடங்கின. வார்சாவின் போவோன்ஸ்கி இராணுவக் கல்லறைத் தோட்டத்தில் தோண்டி எடுத்த எலும்புகளோடு, வயதான சகோதரிகளும் மகள்களும் கொடுத்த மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. 1946 ஆகஸ்டில் கிதான்ஸ்க் சிறையில், பதினெட்டு வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட, கம்யூனிச ஆட்சியை எதிர்த்த தலைமறைவுப் படையின் செவிலியான ‘இன்கா’ என்ற தனுதா ஷெஜிக்குவ்னாவின் உடல் அப்படித்தான் 2015இல் உறுதி செய்யப்பட்டது; அடுத்த ஆண்டு முறையான அடக்கம் நடந்தது. வடகரை ஆசிரியர் எங்கள் கடிதத்துக்கு அவ்வளவு விரைவாகப் பதில் எழுதியதற்கு இதுவும் காரணம் என்று பின்னால் சொன்னார். அவருடைய தாய்மாமன் 1940இல் கைது செய்யப்பட்டவர், திரும்பி வரவில்லை. அந்தத் தளத்துக்குத் தன் மாதிரியை அவர் முன்பே கொடுத்திருக்கிறார், விடை இன்னும் வரவில்லை.

எங்கள் தேடலில் மீதி இருப்பது 1784க்கு முந்திய காலம். அதிலும் 1772 வரை விஸ்துலா எல்லை அல்ல, வெறும் ஆறு. இரு கரையும் ஒரே அரசு, ஒரே கிராக்கோவ் மறைமாவட்டம்; டார்னோவ் மறைமாவட்டம் உருவானதே 1786இல், ஆற்றின் தென்புறம் ஆஸ்திரியாவுக்குப் போன பிறகு. படகில் கடந்து மறுகரையில் பெண் எடுக்கவும் நிலம் குத்தகைக்குப் பிடிக்கவும் ஒரு தடையும் இருந்திருக்காது. கட்டங்கள் இல்லாத, வீட்டு எண் இல்லாத, சில ஆண்டுகள் அடியோடு விடுபட்டுப்போன பழைய திருமண ஏடுகள் வடகரைப் பங்கில் 1690களிலிருந்து இருக்கின்றன. ஆசிரியர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார், நான் படித்துப் பெயர்களைத் தனித்தாளில் எடுத்து எழுதுகிறேன். இதற்கிடையில் தென்கரையிலேயே தங்கிவிட்ட கிளையிலிருந்து ஒருவர் பிக் ஒய் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியப்பாவிடம் உள்ள அந்த இரண்டு மாற்றங்களில் ஒன்றாவது அவரிடமும் இருந்தால், அது தென்கரைக் குடும்பம் கிளை பிரிவதற்கு முன்பே ஏற்பட்டது என்று தெரியும். ஆற்றைக் கடந்தது எந்தத் தலைமுறை என்ற கேள்வியைச் சில பதிற்றாண்டுகளுக்குள் அடைக்க அது போதும்.